ரூபாய்க் குறியும் பிரெஞ்சு எழுத்தும் சிதைந்து தெரிந்தால்

புதுச்சேரியில் கடைக் கணக்கோ முகவரிப் பட்டியலோ தயாரிப்பவர்களுக்கு இரண்டு குறிகள் அடிக்கடி தொல்லை தருகின்றன. ஒன்று ₹, மற்றொன்று, ஊரின் பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது தலையில் சாய்கோடு ஏறிவரும் é என்னும் எழுத்து. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைகளுள் ஒன்றில், முன்னது மூன்று பைட்டுகளாகவும் (கணினிச் சேமிப்பின் சிறு அலகுகள்) பின்னது இரண்டு பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பைத் திறக்கும் நிரல் விண்டோஸ்-1252 என்னும் பழைய குறியாக்க முறையில் படித்தால், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கருதி, ஒரு குறி இருந்த இடத்தில் பொருளற்ற இரண்டு மூன்று எழுத்துகளைக் காட்டுகிறது.

இந்நிலையில் கோப்பு இன்னும் கெடவில்லை. ஆகவே தயவுசெய்து அதை அப்படியே சேமித்துவிடாதீர்கள். எக்செலில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறப்பதற்குப் பதிலாக, 'டேட்டா' பகுதியிலுள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, 'ஃபைல் ஆரிஜின்' என்னுமிடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8 தெரிவைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போதும் 'என்கோடிங்' யூடிஎஃப்-8 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் கட்டம் தெரிந்தால் பெரும்பாலும் குறை எழுத்துருவில்தான் இருக்கும். யூனிகோடு என்னும் உலகளாவிய எழுத்துப் பட்டியலில் ₹ சேர்ந்ததே 2010-இல் என்பதால், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அதை எதிர்பார்க்க இயலாது. எழுத்துருவை மாற்றினால் போதும். ஆனால் குறி இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றால், பழைய குறியாக்கத்தில் சேமித்தபோதே அக்குறி அழிந்திருக்கக்கூடும் என்பதால், மூலக் கோப்பைத் தேடி எடுப்பதே வழி.