486-ஐ அப்கிரேட் பண்ணுகிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்களுக்கு

போன வாரம் ஒரு தம்பி பழைய பேப்பரில் சுற்றிய 486 (தொண்ணூறுகளில் பரவலாக ஓடிய பிராசஸர் வகை) மதர்போர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காயலான் கடையில் கிடைத்ததாம், வாங்கிய அன்று டாஸ் (அந்தக் கால ஆபரேட்டிங் சிஸ்டம்) வரைக்கும் போனதாம், 486 வகையிலேயே வேகமான டிஎக்ஸ்4 பிராசஸரை மாட்டிய பிறகு திரை இருட்டு. "ரேம் போயிருக்குமோ சார்?" என்றான். வோல்டேஜ் ஜம்பரை (போர்டின் ஊசிகளில் இடம் மாற்றிச் செருகும் குட்டி மூடி) பார்த்தாயா என்று கேட்டேன். "சாக்கெட்ல கச்சிதமா உட்கார்ந்துச்சே சார்!" பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வசனம், ஒரு எழுத்து மாறவில்லை.

கரண்ட் ஓடும்போது கார்டைப் பிடுங்காதே, எஸ்.எம்.பி.எஸ்ஸின் (மின்சப்ளைப் பெட்டி) இரண்டு பிளக்கையும் கறுப்பு வயர்கள் நடுவில் சேரும்படி செருகு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டதே என்று நம்புவது

486 என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே எல்லாம் ஒன்றல்ல. நம் கைக்கு வரும் டிஎக்ஸ்2-66-களில் பெரும்பாலானவை 5 வோல்ட். 1994-இல் இன்டெல் டிஎக்ஸ்4 வந்தபோது 3.3-க்கு இறங்கிவிட்டார்கள் (பெயரில் 4 இருந்தாலும் 33 மெகாஹெர்ட்ஸை மூன்றால்தான் பெருக்கும், அந்தப் பெயரை வைத்த புண்ணியவானை என்ன சொல்ல). ஏஎம்டியின் 133 மெகாஹெர்ட்ஸ் சிப் 3.45 வோல்ட். ஆனால் எல்லாமே அதே ஓட்டைகளில் அழகாக இறங்கும். சாக்கெட் 3 இரண்டு வோல்டேஜுக்கும் பொது. எது போக வேண்டும் என்று சொல்வது பக்கத்தில் இருக்கும் நாலைந்து ஜம்பர்கள்தான். சாக்கெட் 1, 2 என்றால் அந்தப் பேச்சே இல்லை, 5 வோல்ட் மட்டும்.

என் கதையில் வேடிக்கை என்னவென்றால் நான் ஜம்பரைப் பார்த்தேன். கையேடு இறக்கி, அட்டவணையைப் படித்து, அதன்படியே மாற்றினேன். போர்டின் பெயர் அதுதான், ரிவிஷன் வேறு. அதில் 3.3 என்று போட்டிருந்த இடம் என் போர்டில் 5. மாட்டியதும் ஓடியது, அதுதான் கொடுமை. 100 என்று பயாஸ் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் நிரல்) காட்டியதைப் பார்த்துப் பூரித்துப்போய் ஒரு கேமைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும், படம் உறைந்து நின்றது. ஹீட்சிங்கில் விரலை வைத்தால் தோசைக்கல். 5-ஐ 3.3-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்துப் பாருங்கள், 2.3 வரும், ஏறத்தாழ அத்தனை மடங்கு சூட்டை அந்தச் சிப் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சிப் போனதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்து நிமிடம் ஓடிய பிராசஸர் எப்படிக் கெட்டிருக்கும் என்று நினைத்து, இரண்டு வாரம் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ரேமை மாற்றினேன், விஜிஏ கார்டின் விளிம்பை அழிரப்பரால் தேய்த்தேன், கடைசியில் பயாஸ் சிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி அதன் ஒரு காலையும் ஒடித்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எங்கிட்ட டிஎக்ஸ்4 5 வோல்ட் போர்டிலேயே ஓடுதே" என்று யாராவது சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவரிடம் இருப்பது ஓவர்டிரைவ் என்ற அப்கிரேட் சிப். வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் அதன் மேலேயே இருக்கும். சாதா டிஎக்ஸ்4-க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நான் இப்போது செய்வது இதுதான். சிப்பின் முதுகில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்ப்பேன், ஏஎம்டி சிப்களில் வோல்டேஜ் பெரும்பாலும் எழுதியே இருக்கும். கையேட்டைவிடப் போர்டின் மேலேயே அச்சிட்டிருப்பதை நம்புவேன், அதையும் முழுதாக நம்பாமல் சாக்கெட்டைக் காலியாக வைத்து, அதன் பின்களின் வரைபடத்தைப் பார்த்து மல்டிமீட்டரால் அளப்பேன் (சில பழைய எஸ்.எம்.பி.எஸ். சுமை இல்லாமல் எழுந்திருக்காது, அதற்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைத் தொங்கவிட்டால் போதும்). அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் 3.3-இல் ஆரம்பிப்பேன். 5 வோல்ட் சிப்புக்கு 3.3 கொடுத்தால் சும்மா எழுந்திருக்காமல் கிடக்கும், அவ்வளவுதான். பட்டினியில் இது சாகாது, அஜீரணத்தில்தான் சாகும்.

தம்பியின் போர்டில் பழைய டிஎக்ஸ்2-வைத் திரும்பப் போட்டதும் ஸ்பீக்கரில் ஒரு பீப். அதை அவன் செய்து பார்க்கவே இல்லை, ஏனென்றால் அதே நாளில் ரேமையும் டிஸ்கையும் சேர்த்து மாற்றியிருக்கிறான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

மேலே பார்த்தீர்களே.

பச்சை பேட்டரியை அப்படியே விடுவது

கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பீப்பாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் சொல்கிறேன். அது கசியும். கசிந்து கீபோர்டு கண்ட்ரோலர் பக்கம் இருக்கும் செம்புக் கோடுகளை அரிக்கும், நீங்களோ நேற்று மாட்டிய சவுண்ட் கார்டால்தான் கீபோர்டு எரர் வருகிறது என்று அதைப் போட்டுத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். முதலில் வெட்டி எடுங்கள். கசிவது காரம், அதனால் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால். அந்த இடத்தில் சிஆர்2032 வில்லை பேட்டரி வைக்கப்போகிறீர்கள் என்றால் நடுவில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) கட்டாயம். பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்ய வைத்த சர்க்யூட் அங்கேயே இருக்கிறது, சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியம் வில்லைக்கும் அது ஏற்றிக்கொண்டே இருக்கும்.

ரேம்

30 பின் ரேம் பலகை என்றால் 486-க்கு நாலு நாலாக. 72 பின் என்றால் ஒன்று போதும், ஆனால் பல போர்டுகளுக்கு ஈடிஓ என்ற ரேம் வகை ஆகாது.

டிஸ்க் கேபிளின் சிவப்பு ஓரம்

கனெக்டரில் 1 என்ற எண்ணுள்ள பின்னின் பக்கம் வர வேண்டும்.

டிஸ்குக்குப் பதில் 4 ஜிபி மெமரி கார்டு வைத்துவிட்டு 504 எம்பிதான் தெரிகிறது என்று அழுவது

கார்டு கெட்டுப்போகவில்லை. பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைக்கும்தான் எண்ணும், ஒரு செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 504 எம்பியில் நின்றுவிடும். இதில் பெரிய வம்பு, புது மெஷினில் வைத்துப் பார்ட்டிஷன் பிரித்துக் கோப்புகளைக் கொட்டிவிட்டு கார்டைக் கொண்டுவந்து 486-இல் செருகுவது. இரண்டும் வேறு வேறு கணக்கில் எண்ணுவதால் டைரக்டரி நன்றாகத் தெரியும், எழுத ஆரம்பித்ததும் எல்லாம் குப்பை. எந்த மெஷினில் ஓடப்போகிறதோ அதிலேயே எஃப்டிஸ்க் (டாஸின் பார்ட்டிஷன் பிரிக்கும் நிரல்) போடுங்கள். முழு இடமும் வேண்டும் என்றால் பெரிய டிஸ்கையும் எண்ணத் தெரிந்த எக்ஸ்டி-ஐடிஇ பயாஸை ஒரு ஈப்ராம் சிப்பில் (அழித்து எழுதக்கூடிய ரோம்) எழுதி, பழைய நெட்வொர்க் கார்டில் காலியாகக் கிடக்கும் பூட் ரோம் சாக்கெட்டில் வையுங்கள். அதற்குப் பிறகும் டாஸ் 6.22-இல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது, இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.