கடலூரிலிருந்து தத்தெடுக்க: பதிவு முதல் பிறப்புச் சான்றிதழ் வரை

எங்கள் வீட்டுக்கு மகள் வந்த பிறகு, "எங்கே போய்க் கேட்கணும், எவ்வளவு ஆகும்?" என்று வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒன்று. "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கு, பத்திரம் எழுதி வாங்கிக்கலாம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை போகிற குற்றம். சட்டப்படியான வழி காராவின் (CARA, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) கேரிங்ஸ் (CARINGS) இணையதளம். அதில் பதிவு செய்யத் தரகரும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம்.

படி 1: வயதைக் கூட்டிப் பாருங்கள்

பதிவு செய்யும் தேதியில் கணவன், மனைவி வயதைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் 2 வயது வரையுள்ள குழந்தை. 90 வரை என்றால் 2 முதல் 4 வயது, 100 வரை என்றால் 4 முதல் 8, 110 வரை என்றால் அதற்கு மேல். அவருக்கு 46, உங்களுக்கு 40 என்றால் கூட்டுத்தொகை 86. கைக்குழந்தை கிடையாது. தனியாக இருப்பவர்களும் தத்தெடுக்கலாம். கைக்குழந்தைக்கு வயது வரம்பு 40. ஆண் தனியாகப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தம்பதி என்றால் திருமணமாகி இரண்டு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

படி 2: இனிஷியல்

கேரிங்ஸில் ஏற்ற வேண்டியவை: பான், ஆதார், முகவரிச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று, குடும்பப் போட்டோ. பட்டியலைப் பார்த்தால் ஒரு மாலை வேலை என்றுதான் தோன்றும். நம் ஊரில் அப்படி முடியாது. காரணம் இனிஷியல்.

என் பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் வெறும் ஒற்றை எழுத்து. மூன்று தாளிலும் நான் ஒருத்திதான் என்று நமக்குத் தெரியும். கணினிக்கும், டெல்லியில் உட்கார்ந்து தாளைச் சரிபார்ப்பவருக்கும் தெரியாது. அதனால் கேரிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் முன் எல்லாக் கார்டையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. பானோடு ஒத்துப்போகும்படி முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

திருமணச் சான்றிலும் இதே வம்புதான். தமிழ்நாட்டில் கட்டாயத் திருமணப் பதிவு 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் செய்துகொண்ட பலரிடம் பத்திரிகையும் ஆல்பமும்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். அந்தப் பதிவிலும் பெயர் பானில் உள்ளபடியே வரட்டும்.

ஸ்கேன் செய்ய பிரவுசிங் சென்டர் வேண்டாம். அவர்கள் ஸ்கேன் செய்தால் ஓரம் வெட்டுப்படும். உங்கள் பான் அந்தக் கணினியிலேயே கிடக்கும். போனில் அடோபி ஸ்கேன் போதும். தத்துக்கென்று தனி ஜிமெயில் ஒன்றும் தொடங்கிவிடுங்கள். ஏன் என்பது படி 4இல்.

படி 3: ஹோம் ஸ்டடி

ஆவணங்களை ஏற்றிய பிறகு 60 நாளுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி அறிக்கை எழுத வேண்டும். கட்டணம் 6,000 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள்.

வீடு பளபளப்பாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்களிடம் வந்தவர் சோபாவில் உட்காரவே இல்லை. நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். "இதுக்கு வலை போடுவீங்களா?" என்று கேட்டார். அப்புறம் மாமியாரைத் தனியாகத் திண்ணையில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். குழந்தையைப் பகலில் யார் பார்ப்பார்கள், உங்களுக்கு இதில் மனப்பூர்வமான சம்மதமா, தத்து என்பதைக் குழந்தையிடம் சொல்வீர்களா, இவைதான் கேள்விகள். பெரியவர்களோடு முன்பே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சைச் சமூகப் பணியாளர் எதிரில் முதன்முறையாக நடத்தாதீர்கள்.

படி 4: காத்திருப்பு, பிறகு 48 மணி நேரம்

கைக்குழந்தைக்கு மூன்று வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். பெரிய குழந்தை, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை என்றால் சீக்கிரம். ஒருநாள் திடீரெனக் குறுஞ்செய்தி வரும். குழந்தையின் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் கணக்கில் தெரியும். 48 மணி நேரத்துக்குள் "ரிசர்வ்" செய்ய வேண்டும். விட்டுவிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் மூன்று வாய்ப்பில் ஒன்று போச்சு. எனவே பதிவு செய்த போன் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விடாதீர்கள். ஜிமெயிலின் கடவுச்சொல் இருவருக்கும் தெரியட்டும்.

அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருக்கும். கூகுளில் தேடிப் பயப்படுவதை விட அவரிடம் பத்து நிமிடம் பேசுவது மேல். ரிசர்வ் செய்த பின் 30 நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்து முடிவு சொல்லலாம்.

படி 5: ஆணை, சான்றிதழ்

2022 செப்டம்பர் முதல் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார். குழந்தை இருக்கும் தத்து மையம் எந்த மாவட்டமோ அந்த மாவட்ட ஆட்சியர்தான், நீங்கள் கடலூரில் இருப்பதால் கடலூர் ஆட்சியர் என்று இல்லை. ஆணைக்கு முன்பே குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது ஆணை வரும் வரை உங்கள் பொறுப்பில், வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஆணை வந்ததும் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ். அதில் எழுத்துப்பிழை இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். பிறகு இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். குழந்தை தூங்க மறுக்கிறது, ஒட்ட மாட்டேன் என்கிறது என்றால் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குத்தான் வருகிறார்கள்.

பிற்சேர்க்கை 1: ஹோம் ஸ்டடி அறிக்கை 3 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதை ஒரு வாசகி நினைவூட்டினார். காத்திருப்பே அவ்வளவு ஆவதால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, முடிவதற்கு முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2: ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரியில் வேலை என்று ஒருவர் கேட்டிருந்தார். வீடு இருக்கும் இடம்தான் கணக்கு. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். இரண்டு கிலோமீட்டர் தள்ளினால் ஒன்றியப் பிரதேசம், தத்தெடுப்பைக் கவனிக்கும் மாநில அமைப்பே வேறு. ஆதார் முகவரியும் குடியிருக்கும் வீடும் ஒன்றாக இருக்கட்டும்.

பிற்சேர்க்கை 3: தத்து வேண்டாம், கொஞ்ச காலம் வளர்த்துத் தர முடியும் என்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வளர்ப்புப் பராமரிப்பு பற்றிக் கேளுங்கள். 2024 வழிகாட்டுதலின்படி, இரண்டு வருஷம் வளர்த்த பிறகு சட்டப்படி தத்துக் கொடுக்கத் தகுதியான குழந்தை என்றால் நீங்களே தத்தெடுக்கவும் கேட்கலாம். காராவின் இலவச எண் 1800-11-1311. ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டால் 1098.