தரை ஆமைக்குத் திறந்தவெளி வீடு: சுவர் எழுப்புவது முதல் செடி நடுவது வரை

தரை ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அதற்கு நேரடி வெயில் வேண்டும் என்பதுதான். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சமும் சூடும் இருக்கும். புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் படும்போதுதான் உடலில் வைட்டமின் டி3 உருவாகிறது. டி3 குறைந்தால் தின்ற கால்சியம் உடலில் சேராது. எலும்பு வலுவிழக்கும், ஓடு மெத்தென்று ஆகும். வளரும் குட்டிகளுக்கு இது பெரிய கேடு.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். இந்த விளக்கம் தரை ஆமைக்கு மட்டும்தான், நீர் ஆமைக்குப் பொருந்தாது. அடுத்தது சட்டம். பல இனங்களை வீட்டில் வளர்க்கத் தடையோ உரிமக் கட்டுப்பாடோ உண்டு. இந்திய நட்சத்திர ஆமை 2019-லிருந்து சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) உடன்பாட்டின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஆமை என்ன இனம், அதை வைத்திருக்க அனுமதி உண்டா என்பதை உறுதி செய்துகொண்டு மண்வெட்டியை எடுங்கள்.

1. இடம் பார்ப்பது

காலை வெயில் நன்றாக விழும் இடம் வேண்டும். ஆமையின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. காலையில் வெயில் காய்ந்த பிறகுதான் அது நடக்கவும் தின்னவும் தொடங்கும். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் வேறு இடம் தேடுங்கள், அல்லது மண் கொட்டி மேடாக்குங்கள்.

ஓடு 15 முதல் 20 செ.மீ. வரை நீளமுள்ள ஓர் ஆமைக்கு 2.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்பது நான் ஏற்கும் குறைந்தபட்ச அளவு. இதைவிடப் பெரிதாக அமைக்க முடிந்தால் தயங்காதீர்கள். சல்கேட்டா என்ற ஆப்பிரிக்கப் பெரிய ஆமை இனம் மட்டும் தனிக் கணக்கு. வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். அதற்கு முழுத் தோட்டமே வேண்டும்.

2. சுவர்

பலரும் கம்பி வலையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். வேண்டாம். வெளிப்பக்கம் கண்ணில் தெரிந்தால் ஆமை அங்கே போகத்தான் பார்க்கும். நாள் முழுக்க வலையை முட்டும், கால் நகத்தை மாட்டி ஏறவும் செய்யும். மறுபக்கம் தெரியாத சுவர்தான் அதை அமைதியாக வைக்கும். செங்கல், சிமென்ட் கல், தடித்த மரப்பலகை எதுவானாலும் சரி. மரத்துக்குக் கிரியோசோட் போன்ற பாதுகாப்பு எண்ணெய் பூசியிருக்கக் கூடாது, அது ஆமைக்கு நஞ்சு.

சிறிய இனங்களுக்குத் தரைக்கு மேல் 40 முதல் 45 செ.மீ. உயரம் போதும். தரைக்குக் கீழே குறைந்தது 25 செ.மீ. இறக்குங்கள். இந்த இரண்டாவது அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் கட்டிய அடைப்பில் பலகையைத் தரையின் மேலேயே நிறுத்தியிருந்தேன். நான்காம் நாள் ஒரு மூலையில் பள்ளம் மட்டும் இருந்தது, ஆமையைக் காணோம். செடி மறைவிலிருந்து அதைக் கண்டெடுக்க மாலையாகிவிட்டது. அந்தப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

ஆமை தோண்டுவதும் ஏறுவதும் பெரும்பாலும் மூலையில்தான். இரண்டு சுவரிலும் காலை ஊன்றி அது எம்பிவிடும். அதனால் நான்கு மூலைகளிலும் சுவரின் உச்சியில் 15 செ.மீ. அகலப் பலகையை உள்பக்கம் நீட்டியபடி பொருத்துங்கள்.

3. மண்

சிமென்ட் தரை போடாதீர்கள். அது வயிற்று ஓட்டைத் தேய்க்கும், ஆமையால் தோண்டவும் முடியாது. தோட்ட மண் மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். உரமோ பூச்சிமருந்தோ விழுந்த மண் வேண்டாம்.

தரை முழுக்கச் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சரிவான சிறு மேடு இருந்தால் ஆமை ஏறி வெயில் காயும். மேடு செங்குத்தாக இருந்தால் புரண்டுவிடும். மல்லாந்து கிடக்கும் ஆமைக்கு நுரையீரலின் மேல் மற்ற உறுப்புகளின் பாரம் இறங்கும். வெயிலும் சேர்ந்தால் சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடலாம். கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். தட்டையான கல் ஒன்றைத் தரையோடு பதித்து, அதன் மேல் தீனி வையுங்கள், அலகும் நகமும் தேயும்.

4. நிழல், கூடு, தண்ணீர்

அடைப்பில் பாதியாவது நாளின் எந்த நேரத்திலும் நிழலாக இருக்க வேண்டும். கூடு மரப்பெட்டியாக இருக்கட்டும். தகரம் வெயிலில் அடுப்பாகிவிடும். வாசல், ஆமை திரும்பி வெளியே வரும் அளவு அகலமாகவும், உள்ளே காய்ந்த மண்ணும் சருகும் நிரம்பியும் இருக்கட்டும். வெப்பமண்டல இனங்களுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. குளிர் கூடும் இரவுகளில் அவற்றை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள்.

தண்ணீருக்கு ஆழமில்லாத தட்டு, விளிம்பு தரை மட்டத்துக்கு வரும்படி புதைத்தது. நீர்மட்டம் ஆமையின் தாடையைத் தாண்டக் கூடாது, தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. குடிக்கும் நீரிலேயே அது மலம் கழிப்பதும் உண்டு என்பதால் தினமும் மாற்றுங்கள்.

5. செடி

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அவசரம் ஆகாத வேலையும் இதுதான்.

நர்சரிச் செடியை வாங்கியதும் நேராக நடாதீர்கள். வேர் வழியாக ஏறி இலையில் தங்கும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், அது கழுவினால் போகாது. வேர் மண்ணை உதறி, அதிலுள்ள வெள்ளைப் பெர்லைட் உருண்டைகளையும் உர மணிகளையும் நீக்கி (ஆமை அவற்றையும் தின்றுவிடும்), நல்ல மண்ணில் தொட்டியிலேயே சில மாதங்கள் வளருங்கள். புதிதாக விடும் இலைதான் நம்பத் தகுந்தது. விதை போட்டு நீங்களே முளைக்க வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

தின்ன: செம்பருத்தி இலையும் பூவும், சப்பாத்திக்கள்ளி மடல் (முள் நீக்கியது), மல்பெரி இலை, திராட்சை இலை, டேன்டேலியன் (மஞ்சள் பூ பூக்கும் சிறு களைச்செடி), புல் மேயும் இனங்களுக்கு அருகம்புல். பருப்புக்கீரை ஓரமாக முளைத்தால் பரவாயில்லை, ஆனால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அதையே முக்கியத் தீனியாக்காதீர்கள். ஒரு மூலையில் கணவாய் ஓடு கிடக்கட்டும். கால்சியம் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும்.

நடவே கூடாதவை: அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, எருக்கு, உண்ணிச்செடி, டைஃபென்பாக்கியா (வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் பெரிய இலைச் செடி). அடைப்புக்கு வெளியே நிற்கும் அரளியின் இலை காற்றில் உள்ளே விழுந்தாலும் ஆபத்துதான்.

இளஞ்செடியை ஆமை ஒரே நாளில் மொட்டையடித்துவிடும், மிதித்தும் சாய்த்துவிடும். அதனால் செடியைத் தொட்டியோடு மண்ணில் புதைத்து, சுற்றிலும் பெரிய கற்களை வளையமாக வையுங்கள். கல்லைத் தாண்டி வெளியே வளரும் இலை ஆமைக்கு, வேரும் தண்டும் செடிக்கு. இடம் இருந்தால் நடுவில் ஒரு பலகை நிறுத்தி அடைப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் ஆமை மேயட்டும், மறுபாதி தழையட்டும்.

நட்டபின் ஆறு வாரமாவது ஆமையை உள்ளே விடாமல் பொறுங்கள். வேர் பிடிக்காத செடி ஒன்றும் மிஞ்சாது.

6. மூடி

குட்டியாக இருந்தால் மூடி கட்டாயம். காகம், எலி, பூனை, நாய் எல்லாமே ஆபத்து. சட்டம் அடித்த கம்பி வலை போதும், வெயிலும் தடையின்றி விழும். கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போடாதீர்கள். வளர்ந்த ஆமையையும் நாய் ஓட்டோடு கடித்துவிடும்.

7. உள்ளே விடுவது

வெயில் மிதமாக இருக்கும் ஒரு காலையில் விடுங்கள். முதல் சில நாட்கள் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும், மூலைகளைச் சோதிக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் கூடவே இருங்கள். நீங்கள் தரையில் படுத்து அதன் கண்மட்டத்தில் ஒருமுறை பாருங்கள். எங்கே இடுக்கு தெரிகிறது, எங்கே சிக்கிக்கொள்ளும் என்பது நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. முதல் வாரம் இரவில் வீட்டுக்குள் எடுத்துவாருங்கள். அப்புறம் தானாகவே மாலையில் கூட்டுக்குள் போகத் தொடங்கியதும் இரவும் அங்கேயே விடலாம், மூடி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.