வாதக் கட்டுரைக்குச் சட்டகம் போடுவது எப்படி?

'நொய்யல் ஆற்று மாசு' என்பது வெறும் தலைப்பு. 'திருப்பூர்ச் சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவில் ஒரு பங்கை, ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் ஏற்க வேண்டும்' என்று, பிறர் மறுக்கக்கூடிய ஒரே வாக்கியமாக அதை மாற்றிய பிறகே சட்டகத்தைத் தொடங்குங்கள். அதன் கீழே காரணங்களை, வலுவானது கடைசியில் வருமாறு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றைக் குறியுங்கள்: நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் அத்தகைய சான்றுகள். சான்றில்லாத காரணத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது எதிர்வாதத்தில்தான். 'செலவு கூடினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்' என்னும் பனியன் கம்பெனிக்காரரின் அச்சத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.