பெம்புரோக்: ஊரா, பட்டமா என்று அறிவது எப்படி

ஆங்கில வரலாற்று நூலிலோ பழைய ஆவணத்திலோ பெம்புரோக் என்ற பெயர் வந்தால், அது வேல்ஸின் தென்மேற்கிலுள்ள ஊரைத்தான் குறிக்கிறது என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. பெயரின் வேர் என்னவோ அங்கேதான் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் அவ்வூர் 'பென்வ்ரோ'. 'பென்' என்றால் தலை அல்லது முனை, 'ப்ரோ' என்றால் நாடு, ஆக நிலமுனை என்று பொருள். அவ்வூர் இருக்கும் மாவட்டத்தின் பெயரில், மாவட்டம் என்று பொருள்படும் 'சீர்' என்ற வேல்ஸ் சொல்லை அடுத்து 'பென்வ்ரோ' வரும்போது அதன் முதலெழுத்தின் ஒலி மாறிவிடும். 'பம்பரம்' என்னும் சொல்லில் முதல் பகரத்துக்கும் அடுத்த பகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால், மூல எழுத்தைப் பார்ப்பது நல்லது.

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1138-இல் கில்பர்ட் டி கிளேருக்கு அளிக்கப்பட்ட பெம்புரோக் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் பிறகு மார்ஷல், வாலன்ஸ் முதலிய குடும்பங்களுக்குக் கைமாறியது. 1532-இல் மன்னர் எட்டாம் ஹென்றி, தாம் மணக்கவிருந்த ஆன் பொலினுக்கு அளித்தது ஏர்ல் அன்று, அதைவிட உயர்ந்த மார்க்குவிஸ் பட்டம். 1551 முதல் இன்றுவரை ஏர்ல் பட்டம் ஹெர்பர்ட் குடும்பத்திடம் உள்ளது. அவர்களுடைய மாளிகையோ வேல்ஸில் இல்லை, இங்கிலாந்தின் வில்ட்டனில் இருக்கிறது. கடிதத்தின் அடியில் 'பெம்புரோக்' என்று மட்டும் கையொப்பம் இருந்தால் அது ஊர்ப்பெயரன்று. ஏர்ல்கள் பட்டத்தை மட்டுமே எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம்.

அடுத்து, பெயர் எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். கடல் கடந்த பெம்புரோக்குகள் எல்லாம் வேல்ஸிலிருந்து குடியேறியவர்கள் வைத்த பெயர்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெர்முடாவின் பெம்புரோக் மூன்றாம் ஏர்லான வில்லியம் ஹெர்பர்ட்டின் பட்டத்தால் பெயர் பெற்றது. கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள நகரம் ஏர்ல் ஒருவரின் மகனான சிட்னி ஹெர்பர்ட்டின் நினைவாகப் பெயரிடப்பட்டது. இங்கிலாந்துக்குள்ளும் இப்படித்தான்: கேம்பிரிட்ஜிலுள்ள பெம்புரோக் கல்லூரியை 1347-இல் நிறுவியவர் பெம்புரோக் ஏர்லின் விதவையான மேரி. ஆக்ஸ்போர்டில் 1624-இல் எழுந்த கல்லூரிக்கு, அப்போது பல்கலைக்கழக வேந்தராக இருந்த அதே மூன்றாம் ஏர்லின் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. குட்டைக்கால் கோர்கி நாய் மட்டும் விலக்கு. அது மண்ணின் பெயரையே நேராகப் பெற்றிருக்கிறது.

கப்பல் குறிப்புகளில் கூடுதல் கவனம் தேவை. 'ஏர்ல் ஆஃப் பெம்புரோக்' என்ற நிலக்கரிக் கப்பலைத்தான் 1768-இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி, 'எண்டெவர்' என்று பெயர் மாற்றி, ஜேம்ஸ் குக்கிடம் ஒப்படைத்தது.