அட்டவணையிலிருந்து விகிதசம மாறிலியைக் காணும் முறை

இரண்டு அளவுகள் நேர் விகிதத்தில் இருந்தால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கக் கிடைக்கும் ஈவு அட்டவணையின் எல்லா இணைகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். அந்த ஈவே விகிதசம மாறிலி.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ பிடிக்கும் மூட்டைகளுக்கான அட்டவணையைப் பாருங்கள்.

மூட்டை: 3, 8, 15
எடை (கிலோ): 120, 320, 600

எடையை மூட்டையால் வகுத்தால் மூன்று முறையும் 40 வருகிறது. எனவே மாறிலி மூட்டைக்கு 40 கிலோ. அலகைச் சேர்த்து எழுதுவது அவசியம், ஏனெனில் திருப்பி வகுத்தால் கிலோவுக்கு 0.025 மூட்டை என்று வேறொரு மாறிலி கிடைக்கும்; எதை எதனால் வகுத்தோம் என்பதை அலகுதான் காட்டிக்கொடுக்கும். விடுபட்ட மதிப்பையும் இதைக்கொண்டே காணலாம்: 1,480 கிலோ நெல்லுக்கு 1,480 ÷ 40 = 37 மூட்டை. சுழியம் உள்ள இணையை வகுக்க முடியாது, ஆனால் மூட்டை சுழியமானால் எடையும் சுழியமாக வேண்டும்.

ஈவுகள் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. தஞ்சைப் பகுதி நில அளவைக் கணக்கில் 12 அடிக் கோலைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம், அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மாவைச் சென்டாக மாற்றி, முழு எண்ணாக்கி எழுதிய அட்டவணை இது.

மா: 2, 5, 20
சென்ட்: 66, 165, 661

ஈவுகள் 33, 33, 33.05. கடைசி இணை ஒத்துவரவில்லை என்று நேர் விகிதத்தை மறுத்துவிடக் கூடாது. முழு எண்ணாக்கியதில் அரை சென்ட் வரை பிசகியிருக்கலாம். அந்தப் பிசகு 2 ஆல் வகுபடும்போது ஓரளவு தங்கிவிடுகிறது, 20 ஆல் வகுபடும்போது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய அட்டவணையில் சராசரி எடுப்பதைவிடப் பெரிய மதிப்புள்ள இணையை நம்புவதே மேல் என்பது என் கருத்து. ஒரு மாவின் 14,400 சதுர அடியை ஒரு சென்டுக்குரிய 435.6 ஆல் வகுத்தால் கிடைக்கும் 33.06 என்ற மதிப்புக்கு அதுவே நெருங்கி நிற்கிறது.

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் வேறு. அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டிக்கு, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரத்துக்கு, இப்படிக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம்.

மணி: 2, 3, 5
ரூபாய்: 5,400, 7,900, 12,900

மணிக்கு மணி 2,500 ரூபாய் சீராக ஏறுவதால் அதையே மாறிலி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் வகுத்துப் பார்த்தால் ஈவுகள் 2,700, ஏறத்தாழ 2,633, 2,580 என்று இறங்கிக்கொண்டே போகின்றன. ஆகவே இது நேர் விகிதமே அன்று. வண்டியை வயலுக்குக் கொண்டுவரும் வாடகை 400 ரூபாய் ஒவ்வொரு தொகையிலும் கலந்திருக்கிறது. அதைக் கழித்து 5,000, 7,500, 12,500 என்று எழுதி வகுத்தால் 2,500 மாறாமல் வரும்; அது வண்டி ஓடிய நேரத்துக்கான கூலியின் மாறிலியே தவிர, மொத்தக் கட்டணத்தின் மாறிலி அன்று.