‘பை’ என்ற சின்னச் சொல் சறுக்கிவிடும் இடங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழகுகிறவர்களின் தாள்களில் ‘பை’ (by) என்ற முன்னிடைச்சொல் திரும்பத் திரும்பச் சில இடங்களில் பிழைக்கிறது. வாங்குவதைக் குறிக்கும் ‘பை’யோடும் விடைபெறும் ‘பை’யோடும் எழுத்துக்கூட்டல் குழம்புவது எழுத எழுதத் திருந்திவிடும். அதை இங்கே எடுக்கவில்லை.

‘பை’யும் ‘அன்டில்’லும் ஒன்றல்ல

‘வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு’ என்று தவணையையும் நாம் ‘வரை’ போட்டே பேசுகிறோம். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ‘பை பிரைடே’ என்றால் வெள்ளிக்குள். வேலை அன்றைக்கோ அதற்கு முன்னரோ முடிய வேண்டும், புதனே முடிந்தாலும் சரி. ‘அன்டில் பிரைடே’ என்றால் ஒரு நிலை வெள்ளி வரை விடாமல் நீடிக்கிறது. கொடுத்தல், அனுப்புதல், முடித்தல் போன்றவற்றுக்கு ‘பை’. இருத்தல், காத்திருத்தல், திறந்திருத்தல் போன்றவற்றுக்கு ‘அன்டில்’.

அக்கரைப்பற்றில் வேலை பார்க்கும் ஒருவர் ‘ஐ வில் பீ ஒன் லீவ் பை பிரைடே’ என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் சொல்ல வந்தது வெள்ளி வரை லீவு. மேலதிகாரி வாசிப்பதோ வெள்ளிக்குள் லீவில் போய்விடுவார் என்று. திங்களே அவரைக் காணவில்லை என்றால் சொல்லாமல் நின்றதாகத்தான் பதிவாகும். கடிதம் வாசிக்கப்படும்போது எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்க முடியாது. இந்தப் பிழையை லேசாக விட மனம் வராததற்கு அதுதான் காரணம்.

‘அன்டில்’ என்று மாற்றினாலும் போதாது. வெள்ளியும் லீவில் சேருமா என்ற சந்தேகம் நிற்கும். ‘பிரொம் மண்டே டு பிரைடே, போத் டேஸ் இன்க்ளூசிவ்’ என்று எழுதி, வேலைக்குத் திரும்பும் திகதியையும் அடுத்த வரியில் போடுங்கள்.

விண்ணப்ப அறிவித்தலில் ‘ரீச் அஸ் பை’ என்று 10ஆம் திகதி போட்டிருந்தால், 10ஆம் திகதிக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். அன்று பொத்துவிலில் தபாலில் போடுவது பிந்தியதுதான்.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘நொட் ரெடி பை பிரைடே’ என்றால் வெள்ளிக்குள் முடியாது, எப்போது முடியும் என்ற பேச்சே அதில் இல்லை. ‘நொட் ரெடி அன்டில் பிரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைதான் ஆயத்தமாகும்.

விலை கூடும்போது

240 ரூபாச் சாமான் ‘பை’ 20 கூடினால் 260. ‘டு’ 260 என்றால் கூடி நிற்கும் விலை. விலைப்பட்டியலில் இவை இரண்டும் இடம் மாறினால் கணக்கே பிழைக்கும்.

ஆளும் கருவியும்

மீன் வெட்டப்பட்டது என்று எழுதும்போது, வெட்டியவருக்கு ‘பை’, வெட்டிய கத்திக்கு ‘வித்’. கையால் என்பதற்கு வரும் ‘பை ஹேண்ட்’ மட்டும் விதிவிலக்கு.

பயணம்

‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’. நடுவில் ‘த’, ‘மை’ வந்தால் ‘பை’ நிற்காது. கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போனால் ‘ஒன் த உதயதேவி’, இல்லாவிட்டால் ‘இன் மை வேன்’.

நடை

நடந்து போவதற்கு ‘ஒன் ஃபுட்’. ‘பை வோக்’ வேண்டவே வேண்டாம்.